சந்தேகம் சந்தேகப்படாத நாள்

அவளுக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவளைக் கட்டிக்கொண்ட மனிதர்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, பூட்டினோமா இல்லையா என்று பார்க்க அவள் திரும்பி ஓடினாள். அப்போது விளையாட்டாக வைத்தார். இரண்டாவது தடவை ஓடியபோது பெயர் நிலைத்துவிட்டது. பிறகு இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வீட்டோடு இருக்கவேண்டிய பெயரை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத அந்த மனிதர் வேலையிடம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார். பத்தொன்பது வருஷமாக அவள் சின்னவர்களுக்குச் சந்தேகம் அக்கா, டாக்டர்களுக்குச் சந்தேகம்மா.

அவளுக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. அவள் பார்க்கும் வேலைக்குச் சந்தேகம்தான் முதல் தகுதி. மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ரத்தத்துக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களைத் தேடிப்பிடித்து எண்ணுகிறவள் அவள். ரத்தத்தில் உள்ள அத்தனை அணுக்களையும் பெற்றுப்போடும் தாய் அணு அது. ஆனால் அந்தப் பெருமையை எங்கேயும் எழுதி ஒட்டிக்கொண்டிருக்காது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் சாதாரண வெள்ளணு மாதிரியே உருண்டையாக, சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஆயிரம் பேருக்கு நடுவில் ஒன்று தேறினால் அதிகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் கிடைக்காது.

அதற்காகத்தான் ஆன்டிபாடி. ஸ்டெம் செல்லின் மேல்தோலில் சிடி முப்பத்துநாலு என்று ஒரு புரதம் இருக்கும். அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியின் வாலில், ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் சாயத்தைக் கட்டி, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் விற்கிறார்கள். பச்சைச் சாயம் கட்டிய இன்னொரு ஆன்டிபாடி எல்லா வெள்ளணுக்கள் மேலும் ஒட்டும், ஸ்டெம் செல் மேல் மட்டும் ஏனோ அரைமனதாக ஒட்டும். இரண்டையும் ரத்தத்தில் கலந்து, இருட்டில் இருபது நிமிஷம் வைத்து, ஃப்ளோ சைட்டோமீட்டரில் செலுத்தினால், அது அணுக்களை ஒற்றை வரிசையில் லேசருக்கு முன்னால் ஓடவிட்டு ஒவ்வொன்றும் என்ன நிறத்தில் ஒளிர்கிறது என்று பார்த்துச் சொல்லும். பச்சை மங்கலாகவும் ஆரஞ்சு பளிச்சென்றும் இருந்தால்தான் சந்தேகம் அதை ஸ்டெம் செல் என்று ஒத்துக்கொள்வாள். அதுவும் உடனே இல்லை.

அவள் கணவர் இரண்டு மாடி கீழே இருந்தார். கொடுக்க வந்தவரின் ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, ஸ்டெம் செல்களை மட்டும் பையில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கைக்குத் திருப்பி அனுப்பும் இயந்திரம் அவர் பொறுப்பு. அவள் மேலே எண்ணிச் சொன்னால்தான் அவர் கீழே ஊசியை எடுக்கலாம். அவர்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான் என்று நர்சுகள் சொல்லிச் சிரிப்பார்கள். அது உண்மைதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஒரு ட்யூப் ரத்தம் மேலே வந்தது. கூடவே கணவரின் தொலைபேசி அழைப்பும் வந்தது.

"போன வாரம் சொன்னேனே, அந்தக் குழாய்க்காரர் கொடுக்க வந்துட்டார். பெரிய உடம்பு. ரெண்டு கை நிறைய தண்ணிக் குழாயைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுவாராம். ஊசியைப் பார்த்ததும் நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டார் பாரு, இன்னும் விடலை. சீக்கிரம் எண்ணிச் சொல்லு."

"நான் என்ன கத்திரிக்காயா எண்ணுறேன்? ஒன்றரை மணி நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நாற்காலிக்குத் தெரியாதே."

குழாய்க்காரரின் கதையைக் கணவர் போன வாரமே வீட்டில் சொல்லியிருந்தார். அவருடைய அண்ணன் ஆறாவது மாடியில், யாரும் உள்ளே போகக்கூடாத அறையில் படுத்திருக்கிறார். ரத்தப் புற்றுநோய். அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தம்பி ஒன்பதாம் வகுப்பைத் தாண்டவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அண்ணன் தம்பியைக் கூப்பிட்டது 'தண்டம்' என்றுதான். வீட்டில் விளக்கு எரியவில்லை என்றாலும் தண்டம், மழை பெய்தாலும் தண்டம். சொந்தத்தில் பதினோரு பேரைச் சோதித்துப் பார்த்ததில் ஒருவர்கூட அண்ணனுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் தண்டம் பத்துக்குப் பத்து பொருந்திவிட்டது. அன்றைக்குக் குழாய்க்காரர் மருத்துவமனை வாசலில் நின்று யார் யாருக்கோ போன் போட்டு, "என் கல்யாணத்துக்குக்கூட இப்படிப் பொருந்தலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எலும்புக்குள் இருக்கும் ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு இறங்கி வருவதற்காக நாலு நாளாகத் தினமும் ஊசி. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டார்.

இன்றைக்கு ஒரு துளி ரத்தத்தில் இருபது ஸ்டெம் செல்லாவது இருந்தால்தான் இயந்திரத்தில் பொருத்துவார்கள். துளி என்றால் மைக்ரோலிட்டர். கண்ணுக்கே தெரியாத துளி.

சந்தேகம் வேலையை ஆரம்பித்தாள். காலையிலேயே கன்ட்ரோல் ஓட்டி முடித்திருந்தாள். கன்ட்ரோல் என்பது கம்பெனியிலிருந்து வரும் ரத்தம். அதில் எத்தனை ஸ்டெம் செல் என்று லேபிளிலேயே அச்சடித்திருக்கும். நாம் எண்ணினாலும் அதே எண் வந்தால், அன்றைக்கு ஆன்டிபாடியும் இயந்திரமும் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம். முப்பத்தெட்டு வரவேண்டும், முப்பத்தேழு வந்தது. அவளுக்கே திருப்தி.

ஆனால் கன்ட்ரோலோடு ஆரஞ்சுக் குப்பி காலியாகிவிட்டது. அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். அந்த ஃபிரிட்ஜின் கதவில் அவள் கையாலேயே சிவப்பு மசியில் 'உணவுப் பொருள் வைக்கக் கூடாது' என்று எழுதி, அடியில் மூன்று கோடு போட்டிருந்தாள். ஊழியர் அறையில் வேறொரு ஃபிரிட்ஜ் உண்டு. அதில் வைத்த பால் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும், கெடுவதற்குள் யாராவது குடித்தும் விடுவார்கள். அதனால் அவளுடைய ஃபிரிட்ஜ் மேல் ஊரில் எல்லோருக்கும் ஒரு கண். அவள் விட்டதில்லை.

நடுத்தட்டின் கடைசியில், பின்சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு புதுக் குப்பி இருந்தது. எடுத்தாள். ஜில்லென்று விரலைச் சுட்டது. நன்றாகக் குளிர்ந்திருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு, லேபிள் எழுதி முடிக்கும் வரை உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

புதுக் குப்பி திறந்தால் மறுபடியும் ஒரு கன்ட்ரோல் ஓட்டவேண்டும். இது அந்த ஆய்வகத்தின் விதி. விதியை எழுதியவளே அவள்தான். அதற்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அவள் கன்ட்ரோலை எடுக்கக் கையை நீட்டியபோது தொலைபேசி அடித்தது.

"அவர் கழிவறைக்கு மூணாவது தடவை போயிட்டு வந்துட்டார். அங்க குழாய் சொட்டுதாம், ஸ்பேனர் இருக்கான்னு கேட்கிறார். எண்ணியாச்சா?"

"வைங்க போனை!"

அவள் குப்பியைப் பார்த்தாள். பழைய குப்பியும் இதுவும் ஒரே பெட்டியில், ஒரே நாளில் வந்தவை. லேபிளில் ஒரே எண். பழையது முக்கால் மணி நேரத்துக்கு முன்னால்தானே சரியாக வேலை செய்தது? கீழே ஒரு மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பால்காரரையும் பேருந்தின் எண்ணையும் சொந்தக் கணவரையும் இரண்டு தடவை சரிபார்க்கிற அந்தப் பெண்மணி, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒன்றைச் சரிபார்க்காமல் விட்டாள்.

இரண்டு ட்யூபாகப் போட்டாள், எப்போதும் போல. ஒன்பதே காலுக்கு முடிவு வந்தது. ஒன்றில் நாலு புள்ளி ஒன்று. மற்றதில் நாலு புள்ளி மூன்று.

நாலு.

திரையில் அணுக்கள் புள்ளி புள்ளியாகக் கொட்டிக்கிடந்தன. ஆரஞ்சு இருக்கவேண்டிய கட்டத்தில் நாலைந்து புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. பச்சை மங்கலாக இருக்கும் மூலையில் ஒரு சின்னக் கூட்டம் தெரிந்தது. அந்த மூலையில் வேறு சில அணுக்களும் வந்து உட்காருவது உண்டு, ஆரஞ்சு இல்லையென்றால் அவற்றை எண்ணக் கூடாது. அவள் எண்ணவில்லை.

அண்ணனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

"நாலா?" என்றார் டாக்டரம்மா. "நிச்சயமா தெரியுமா?"

"ரெண்டு ட்யூப் போட்டேன் டாக்டர். ரெண்டும் ஒத்துப் போகுது."

"நீயே சந்தேகமில்லைன்னு சொல்லிட்டா அப்புறம் யாரைக் கேட்கிறது." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அண்ணனுக்கு நேத்தோட மருந்து முடிஞ்சுடுச்சு. அவரோட மஜ்ஜை மொத்தத்தையும் நாமளே காலி பண்ணியாச்சு. புதுசு போகலைன்னா மனுஷன் பிழைக்க மாட்டார். காத்திருக்கிற கதையே இல்லை. தம்பியை நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல படுக்கவெச்சு இடுப்பெலும்புல குத்தி எடுத்துடலாம். பன்னெண்டு மணிக்குள்ள தியேட்டர் லிஸ்ட்ல பேர் கொடுக்கணும்."

இடுப்பெலும்பில் குத்தி எடுப்பதென்றால் ஒரு குத்து இரண்டு குத்து இல்லை, நூறுக்குக் குறையாது. மயக்க மருந்தில் வலி தெரியாது, விழித்த பிறகு தெரியும். அதுவாவது போகட்டும். நாலு நாள் ஊசி போட்டும் ரத்தத்துக்கு நாலுதான் இறங்கியிருக்கிறது என்றால், எலும்புக்குள் எவ்வளவு தேறும் என்று யார் கண்டது? டாக்டரம்மா அதைச் சொல்லவில்லை. சந்தேகத்துக்குச் சொல்லத் தேவையில்லை.

கீழே இருப்பவரிடம் கணவர்தான் சொல்லவேண்டியிருந்தது. பத்து மணி தாண்டி அவர் அழைத்தபோது குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"சொல்லிட்டேன். நாலுன்னு சொன்னதும், நாலு லட்சமான்னு கேட்டார். இல்லை, நாலுதான்னு சொன்னேன். சிரிச்சார். 'எங்கண்ணன் கணக்குல எப்பவும் தப்பு பண்ண மாட்டான் சார். என்னைப் பத்தி அவன் போட்ட கணக்கும் சரியாத்தான் இருக்கு'ன்னார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டார். மாடிக்கு அண்ணனுக்குப் போன் பண்ணிப் பேசினார். நான் வெளிய வந்துட்டேன்."

பத்தொன்பது வருஷத்தில் அவள் எத்தனையோ பேரை எண்ணியிருக்கிறாள். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்தவரை மனிதர்கள் எல்லோரும் புள்ளிகள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதல் புள்ளி இதுதான்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"எங்க சாப்பிடுறது? இன்னைக்கு விடிஞ்ச வேளையே சரியில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிடாம வெச்ச டப்பாவைக் கழுவலாம்னு காலையில திறந்தா, உள்ள பாறை மாதிரி உறைஞ்சு கிடக்கு. ஸ்பூன் வளைஞ்சுடுச்சு."

"ஐயோ பாவம்" என்றாள் சந்தேகம், பாதிக் கவனமாக. பிறகு மீதிக் கவனமும் வந்து சேர்ந்தது. "இருங்க. என்ன சொன்னீங்க? உறைஞ்சு கிடந்துதா?"

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஊழியர் அறை ஃபிரிட்ஜ்ல தண்ணிகூடச் சில்லுன்னு ஆகாது. எந்த ஃபிரிட்ஜ்ல வெச்சீங்க?"

"அது வந்து..."

"என்னங்க."

"இல்ல, வெள்ளிக்கிழமை மட்டும்தான். அங்க வெச்சா திருடித் தின்னுடுறானுங்கம்மா. உன் ஃபிரிட்ஜ்ல நடுத்தட்டுல கொஞ்சம் இடம் இருந்துது. ரெண்டு மூணு சின்னக் குப்பியைப் பின்னால தள்ளிட்டு... காலையில நீ கோட்டு மாத்தப் போனப்ப எடுத்துட்டேன். ஒரு சொட்டு சிந்தலை. சத்தியமா."

அவள் போனை வைக்கவில்லை. மேசை மேலேயே விட்டுவிட்டு ஃபிரிட்ஜுக்கு ஓடினாள். நடுத்தட்டின் பின்சுவரைத் தொட்டாள். அங்கேதான் குளிர் கிளம்பி வரும் தகடு. தகட்டின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது, அந்தப் பனியில் ஒரு டப்பாவின் வட்டமும் பக்கத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பள்ளமும் அச்சாக விழுந்திருந்தன. பள்ளத்தில் இருந்த குப்பியைத்தான் காலையில் அவள் எடுத்திருக்கிறாள். மூன்று நாள் ஐஸாக நின்றிருக்கிறது. ஆரஞ்சுச் சாயம் கட்டிய ஆன்டிபாடியை எதை வேண்டுமானாலும் செய்யலாம், உறையவைக்கக் கூடாது. உறைந்தால் சாயம் செத்துப்போகும். செத்த சாயம் ஒளிராது. விரலைச் சுட்டதே, நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளே, கருகிய வாசனை வந்ததும் சமையல் மணக்கிறது என்று சந்தோஷப்பட்ட மாதிரி!

பச்சை மங்கலாக ஒரு மூலையில் நின்றிருந்த கூட்டம் அவள் கண்முன்னால் வந்தது. அத்தனை பேரும் வந்து நின்றிருக்கிறார்கள். ஆரஞ்சு மட்டும்தான் இல்லை. ஆரஞ்சு இல்லையென்றதும் ஆளே இல்லையென்று சொல்லிவிட்டாள்.

மேசை மேல் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "ஹலோ? கோபமா? ஏம்மா, ஹலோ?"

"அவரை எங்கயும் போகவிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மணி பத்தரை. ஃபிரிட்ஜின் முன்வரிசையில், டப்பாவின் கைபடாத குப்பி ஒன்று இருந்தது. இந்தத் தடவை அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. உறைந்த குப்பியால் ஒரு கன்ட்ரோல், நல்ல குப்பியால் ஒரு கன்ட்ரோல், நல்ல குப்பியால் குழாய்க்காரரின் ரத்தம் இரண்டு ட்யூப், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாள். அவற்றை இருட்டில் ஊறவைத்துவிட்டு, டாக்டரம்மாவை அழைத்தாள்.

"டாக்டர், அந்த நாலு தப்பா இருக்கலாம். புதுக் குப்பியை நான் கன்ட்ரோல் ஓட்டிப் பார்க்கலை. குப்பி உறைஞ்சு போயிருந்துருக்கு. தப்பு என்னோடது."

டாக்டரம்மா திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"நீ பார்க்கலையா?" என்றார் அவர், ஏதோ சூரியன் வரவில்லை என்று கேள்விப்பட்ட மாதிரி. "சரி. பன்னெண்டு மணிவரைக்கும் பேர் கொடுக்காம வெச்சிருக்கேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட முடியாது."

இருட்டில் ட்யூப்கள் ஊறிக்கொண்டிருந்த இருபது நிமிஷத்தில் அவள் தவறு நடந்தால் நிரப்பவேண்டிய படிவத்தை எடுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அடுத்தவர்களை நிரப்பவைத்தே பழக்கம். 'காரணம்' என்ற இடத்தில் 'உணவு டப்பா' என்று எழுதினாள். டப்பாவின் சொந்தக்காரர் பெயரையும் எழுதினால் இரவு சாப்பாட்டு வேளை எப்படி இருக்கும் என்று ஒரு கணம் யோசித்து, கொஞ்சம் ருசித்தும் பார்த்தாள். பிறகு அதை அடித்தாள். டப்பா குப்பியைத்தான் கெடுத்தது. நாலு என்று சொன்னது டப்பா இல்லை. 'புதுக் குப்பியைச் சரிபார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டப்பாவை மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைக்கவேண்டாம், அதை இரண்டாவது காரணமாகக் கீழே சேர்த்தாள்.

பதினொன்றரைக்கு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. உறைந்த குப்பி போட்ட கன்ட்ரோலில் முப்பத்தெட்டுக்குப் பதில் மூன்று வந்தது. நல்ல குப்பியில் முப்பத்தெட்டு. அடுத்து குழாய்க்காரர். அவள் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பார்த்தாள். பச்சை மங்கிய மூலையில் இருந்த கூட்டம் அப்படியே ஆரஞ்சாக மேலே எழும்பியது. ஒவ்வொரு புள்ளியாக ஏறி, கட்டம் நிரம்பி, திட்டாக, மேகமாகத் திரண்டது. முதல் ட்யூப் அறுபத்தொன்று புள்ளி இரண்டு. இரண்டாவது அறுபது புள்ளி ஒன்பது.

அவள் வாய்விட்டு அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, எண்ணை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தாள். அதன்பின் இன்னொரு தடவை.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது டாக்டரம்மாவுக்குச் சொன்னாள். "அப்ப பொருத்தச் சொல்லு" என்றார் அவர். கணவருக்குப் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் எண்ணிய ஒருவரைப் பார்க்க இரண்டு மாடி இறங்கினாள்.

அறைக்குள் இயந்திரம் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரத்து நாற்காலியில் மலைபோல ஒரு முதுகு தெரிந்தது. பக்கத்தில் கணவர், கையும் களவுமாகப் பிடிபட்ட முகத்தோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் மேல உங்க ரத்தத்தை எண்ணுறவ" என்றாள் அவள், அந்த முதுகிடம். "காலையில நாலுன்னு சொன்னது நான்தான். அது தப்பு. உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்லை. என் மருந்து கெட்டுப் போயிருந்துச்சு, நான் கவனிக்கலை. உங்களுக்கு அறுபத்தொண்ணு இருக்கு."

குழாய்க்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"தப்பு அவமேல இல்லை சார்" என்று கணவர் குறுக்கே புகுந்தார். "என் சாப்பாட்டு டப்பாதான் காரணம்."

"நீங்க சும்மா இருங்க. சரிபார்க்காம விட்டது நான்."

"டப்பாவை வெச்சது நான்தானே? நான் வெக்கலைன்னா நீ விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"நான் விடலைன்னா நீங்க அண்டாவையே வெச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பேன்!"

குழாய்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் இருங்கம்மா" என்றார். "எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க. டேங்க் நிறைய தண்ணி இருக்கு. மீட்டர்தான் பழுது. அப்படியா?"

"அப்படியேதான்."

"அறுபத்தொண்ணு."

"அறுபத்தொண்ணு. இருபது இருந்தாலே போதும்."

அவர் தலையை ஆட்டினார். அவருடைய பெரிய கைகள் முழங்காலின் மேல் கிடந்தன, ஒன்றையொன்று தெரியாத மாதிரி. "எனக்குத் தெரிஞ்ச வீடுங்கள்லயும் இதான் நடக்கும். தண்ணி வரலைன்னா டேங்க் காலின்னு முடிவே பண்ணிடுவாங்க. ஏறிப் பார்க்க மாட்டாங்க. நீங்க ஏறிப் பார்த்தீங்களே, அது போதும்."

கணவர் மளமளவென்று வேலையில் இறங்கினார். கையைத் துடைத்து ஊசியை எடுத்தபோது குழாய்க்காரர் நாற்காலியைப் பிடித்தாரே தவிர, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு கையிலிருந்து ரத்தம் குழாயில் ஏறியது. இயந்திரம் அதை வாங்கிச் சுழற்றியது. மறு கைக்கு அது திரும்பி வருவதை அவர் தொழில் தெரிந்தவரின் கண்ணால் பார்த்தார். "இணைப்பு நல்லா இருக்கு, சொட்டலை" என்று சொன்னார்.

"அண்ணனுக்குச் சொல்லுங்க" என்றாள் சந்தேகம். "போனை நான் பிடிச்சுக்கிறேன். நாலுன்னு நினைச்சு எவ்வளவு தவிச்சுக்கிட்டு இருக்காரோ."

குழாய்க்காரர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லலாம்மா" என்றார்.

"ஏன்?"

"காலையில அவன்கிட்ட சொன்னேன். அண்ணே, நாலுதான் இருக்காம், என்னை மன்னிச்சுடுன்னு. வாங்கிக் கட்டிக்கத் தயாராத்தான் சொன்னேன். இத்தனை வருஷமா வாங்குறதுதானே. அவன் என்ன சொன்னான் தெரியுமா?" இரண்டு கையிலும் ஊசி இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. "நாலு போதும்டா, உன்னோடதுன்னா நாலு போதும்னான். என்கிட்ட அவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அறுபத்தொண்ணுன்னு தெரிஞ்சா பழையபடி திட்ட ஆரம்பிச்சுடுவான். அஞ்சு நிமிஷம் நாலாவே இருக்கட்டும்மா."

தப்பான எண் ஒன்றை ஐந்து நிமிஷம் தெரிந்தே விட்டுவைப்பது என்பது சந்தேகத்தின் அகராதியில் இல்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவர் ஒரு பஞ்சை எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டார். மூன்று பேரும் பையில் ஸ்டெம் செல் சிவப்பாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து நிமிஷம் முடிந்ததும் அவள் எண்ணைப் போட்டு, போனை அவர் காதருகில் பிடித்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் மெலிந்த, ஆனால் வாத்தியார்த்தனம் கொஞ்சமும் குறையாத ஒரு குரல் வெடித்தது.

"நாலுக்கும் அறுபத்தொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்டயா போய்க் கையை நீட்டிட்டு உட்கார்ந்திருக்கே? சரியா எண்ணுங்கன்னு கேட்க வாயில்லையா உனக்கு? தண்டம்! அது என்னடா அறுபத்தொண்ணு, எதையும் முழுசாச் செய்ய மாட்டியா, ஒரு நூறு..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. போனில் மூச்சு மட்டும் கேட்டது. அழுகையை விழுங்குகிற மூச்சு. சந்தேகம் போனை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தாள்.

"ஏண்ணே நிறுத்திட்ட" என்றார் குழாய்க்காரர். "திட்டுண்ணே."